அனுப்பியவர் பெயர் இல்லாத உறை

பலர் தனித்தனிச் சர்வர்களில் நடத்தும் சமூக வலைத்தளமான மாஸ்டடானில் அனுப்பும் தனிச்செய்தியைச் சர்வர் நடத்துபவர் படிக்க முடியுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நினைத்தால் முடியும். அது பூட்டிய கடிதம் இல்லை. யார் பார்க்கலாம் என்பதைச் சுருக்கிய சாதாரணப் பதிவுதான். 'தனி' என்று எழுதியிருந்தாலே பத்திரம் என்று நம்புவது நம் காலத்து மூடநம்பிக்கை.

நோஸ்டர் என்ற இன்னொரு சமூக வலைப்பின்னலில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே செய்திகளை வாங்கி வைத்துக் கொடுக்கும் சர்வரான ரிலேயை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். அதனால் பூட்டியே அனுப்ப வேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள், அதாவது நீளமான எண்கள்: தனக்கு மட்டும் தெரிந்த ரகசியச் சாவி, எல்லாருக்கும் தெரிந்த பொதுச் சாவி. என் ரகசியச் சாவியும் உங்கள் பொதுச் சாவியும் சேர்ந்தால் ஓர் எண் வரும்; உங்கள் ரகசியச் சாவியும் என் பொதுச் சாவியும் சேர்ந்தாலும் அதே எண். அதை வைத்துத்தான் கடிதத்தைப் பூட்டுவதும் திறப்பதும். 1976-இல் வெளியான டிஃபி–ஹெல்மன் யோசனைதான் இது, தெரிந்த கதை.

நோஸ்டரின் விதிமுறைகளுக்கு 'நிப்' என்று பெயர். பழைய நிப்-04 தரத்தில் கடிதம் பூட்டியிருக்கும். யார், யாருக்கு, எப்போது என்பதெல்லாம் உறைமேல் பளிச்சென்று தெரியும். நள்ளிரவில் ஒருவர் மருத்துவருக்கு ஐந்து முறை எழுதினார் என்று தெரிந்தால், கடிதத்தைப் பிரித்தா பார்க்க வேண்டும்?

நிப்-17 இதற்குக் கண்ட வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூன்று அடுக்கு. உள்ளே கையெழுத்தே (ரகசியச் சாவியால் போடும் டிஜிட்டல் முத்திரை) இல்லாத கடிதம். அதைப் பூட்டி, மேலே அனுப்புபவர் தன் கையெழுத்தைப் போடுகிறார். அதையும் இன்னொரு உறைக்குள் வைத்துப் பூட்டுகிறார். அந்த வெளியுறையில் கையெழுத்திடுவது அந்தக் கணத்தில் பிறந்த சாவி. ஒரு தடவை பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறிந்துவிடலாம். தேதியையும் இரண்டு நாள் வரை பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். ரிலேவுக்குத் தெரிவது பெறுபவரின் முகவரி மட்டுமே.

பெறுபவர் வெளியுறையைப் பிரித்து, நடு உறையின் கையெழுத்தைச் சரிபார்க்கிறார். அப்புறம், கடிதத்துக்குள் இருக்கும் பெயரும் அந்தக் கையெழுத்தும் ஒரே ஆளுடையதா என்று ஒப்பிட வேண்டும். இதை ஒரு செயலி மறந்தால் போதும், யார் பெயரிலும் யாரும் எழுதலாம்! கடிதத்தில் கையெழுத்து ஏன் இல்லை? அதை மட்டும் யாராவது வெளியே கசியவிட்டால், இவர்தான் எழுதினார் என்பதற்கு அதில் சான்று இருக்காது.

ஓட்டை இல்லாமல் இல்லை. சாவி நிரந்தரமானது; இன்று திருடுபோனால், சேமித்து வைத்த பழைய கடிதங்களும் திறந்துகொள்ளும். குழு உரையாடல்களைப் பூட்டுவதற்கென 2023-இல் வந்த எம்.எல்.எஸ். தரம் சாவிகளை அவ்வப்போது மாற்றி இதைச் சமாளிக்கிறது. அதை ரிலேக்களின் மேல் ஓடவைப்பதுதான் கடினம்: சாவி மாற்றங்களை எல்லாரும் ஒரே வரிசையில் ஏற்க வேண்டும்; ஆனால் எந்தச் செய்தி முதலில் வந்தது என்று சொல்ல நடுவில் யாரும் இல்லை.