அஞ்சல் பெட்டிக்கு வேலி அடைப்பது யார்?

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வேலையிடத்து மெயில் சேர்வரில் எனக்கு ஒரு பெட்டி திறந்து தந்தார்கள். அதை ஆர் வாசிக்கலாம், ஆர் வாசிக்கக் கூடாது என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. அப்ப அதை முடிவெடுத்தது ஆர்?"

லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் சேர்வரில் கடிதங்கள் எல்லாம் கடைசியில் கோப்புகள்தான். ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்று மூன்று தரப்பு. வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. தரப்புக்கு ஒரு கூட்டுத்தொகை, அதே வரிசையில் மூன்று இலக்கம். 600 என்றால் உரிமையாளருக்கு மட்டும்தான் வாசிப்பும் எழுத்தும். 644 என்றால் அந்தச் சேர்வரில் கணக்கு வைத்திருக்கும் எவரும் வாசிக்கலாம்.

சரி, இனித்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். சாதாரண நிரல் ஒன்று புதிய கோப்பு வேண்டும் என்று கேட்கும்போது, 666 என்று தாராளமாகவே கேட்கும். இயங்குதளம் அதை அப்படியே கொடுத்துவிடாது. நடுவில் யூமாஸ்க் என்று ஓர் எண் நிற்கிறது.

நம்மூர் கிடுகு வேலியை நினைத்துப் பாருங்கள். அதில் ஆள் நுழைய விடும் ஓட்டையைப் பொட்டு என்போம். மூன்று தரப்புக்கும் மும்மூன்றாக ஒன்பது பொட்டு வைக்கலாம். எந்தப் பொட்டுகள் வேண்டும் என்று நிரல் கேட்கிறது. எவற்றை அடைக்க வேண்டும் என்று யூமாஸ்க் சொல்கிறது. 022 என்றால் குழுவுக்கும் மற்றவர்களுக்கும் எழுதும் பொட்டு மட்டும் அடைபடும், மிஞ்சுவது 644. 077 என்றால் அந்த இரண்டு தரப்புக்கும் எல்லாமே அடைபட்டு 600 ஆகும்.

இதைக் கழித்தல் என்று பலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது பிழை. யூமாஸ்க் 033 என்று வையுங்கள். கழித்தால் 633 வரும். உண்மையில் வருவது 644. ஏனென்றால் 3 என்பது எழுதும் பொட்டும் இயக்கும் பொட்டும். நிரல் கேட்ட 6-இல் இயக்கும் பொட்டே கிடையாது. இல்லாத பொட்டை அடைக்க என்ன இருக்கிறது? எழுதும் பொட்டு மட்டும் அடைபடும், வாசிக்கும் 4 அப்படியே நிற்கும். அடைக்க மட்டும் தெரிந்த, ஒருபோதும் திறக்கத் தெரியாத ஓர் எண். இதன் அழகு எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

பல லினக்ஸ் கணினிகளில் 022-தான் இயல்பாக இருக்கும். பொதுக் கோப்புகளுக்கு அது போதும், கடிதங்களுக்குப் போதாது. அதனால் கவனமாக எழுதப்பட்ட அஞ்சல் நிரல்கள் யூமாஸ்க்கை நம்பியிராமல் தாமே 600 என்று கேட்கும். பெட்டியின் அடைவுக்கும், அதாவது கடிதக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டருக்கும், 700 வைப்பார்கள். அடைவைப் பொறுத்தவரை 'இயக்க' என்பது உள்ளே போகும் உரிமை. படலை பூட்டியிருந்தால் உள்ளே ஒரு கடிதம் 644-ஆகத் தவறிக் கிடந்தாலும் வெளியாள் அதைத் தொட முடியாது. எல்லாப் பெட்டிகளும் ஒரே கணக்கின் பெயரில் இருக்கும் சேர்வர்களும் உண்டு. அங்கே யாருக்கு எந்தப் பெட்டி என்பதை டவ்காட் போன்ற அஞ்சல் சேர்வர் மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் மெயில் வரவில்லை என்றதும் யாரோ பெட்டிகள் முழுவதற்கும் 777 போட்டுவிட்டார், அதாவது எல்லோருக்கும் எல்லாப் பொட்டும் திறந்துவிட்டார். மெயில் வந்தது. ஒருவரின் சம்பளக் கடிதத்தை அடுத்த மேசைக்காரர் திறந்து பார்க்கவும் முடிந்தது. காரணம் தேடாமல் 777 போடுவது, காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போகாமல் நூல் கட்டுவது போன்றது. நம் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கும்போது கட்டளைகளை மனப்பாடம் பண்ண வைப்பதை விட்டு, இந்த ஒன்பது பொட்டையும் தமிழில் வரைந்து காட்டினால் இந்தப் பழக்கம் குறையும் என்று உறுதியாக நம்புகிறேன்.

வாசகிக்கு ஒன்று. யூமாஸ்க் கோப்பு பிறக்கும் கணத்தில் மட்டுமே வேலை செய்யும். இன்றைக்கு அதை 077 ஆக்கினாலும் நேற்று வந்த கடிதங்கள் பழைய உரிமையுடனேயே கிடக்கும். அவற்றைத் தனியாக மாற்ற வேண்டும். நிர்வாகியிடம் பெட்டியின் அடைவு 700 தானா என்று கேளுங்கள். சேர்வரில் எல்லா அதிகாரமும் உள்ள அவருடைய ரூட் கணக்குக்கு இந்த வேலி எதுவும் பொருட்டில்லை; அவரிடமிருந்தும் மறைக்க வேண்டிய கடிதத்தை மறைகுறியாக்கித்தான் (திறவுகோல் உள்ளவர் மட்டும் வாசிக்கும்படி மாற்றித்தான்) அனுப்ப வேண்டும்.