வாடும் பட்டாணிக்குத் தண்ணீர் பாய்ச்சாதீர்கள்

கொடைக்கானல் மேல்மலையிலிருந்து இந்த வாரமும் அதே முறையீடு. "ஐயா, பட்டாணி பூ விடும் நேரத்தில் வாடுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் பாய்ச்சுகிறேன், தேறவே இல்லை." பாய்ச்சப் பாய்ச்சத்தான் வாடுகிறது என்று எத்தனை பேரிடம், எத்தனை பருவம் சொல்வது?

செடி வாடினால் தாகம் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். மண்ணில் தண்ணீர் இல்லாமலும் செடி வாடும்; இருக்கிற தண்ணீர் மேலே ஏற வழியில்லாமலும் வாடும். இரண்டாவதுதான் வேர் நோய். செடியின் அடியில் நான்கு விரல் ஆழத்தில் மண்ணை எடுத்துக் கையில் அழுத்திப் பாருங்கள். மண் உருண்டையாகத் திரண்டு நின்றும் செடி தலை சாய்ந்திருந்தால் அதற்குத் தண்ணீர்க் குறை இல்லை. அந்த நிலையில் மேலும் பாய்ச்சினால் மண்ணுக்குள் இருக்கும் காற்று வெளியேறி, மிச்சமிருக்கும் வேரும் மூச்சடைத்துப்போகிறது. அழுகல் கிருமி வாய்க்கால் தண்ணீரோடு அடுத்த பாத்திக்கும் இறங்குகிறது. கீழ்ப்படியில் இருப்பவரின் காட்டுக்கும் சேர்த்துத்தான் நோயைப் பாய்ச்சுகிறீர்கள். தயவுசெய்து முதலில் மோட்டாரை நிறுத்துங்கள்.

அடுத்து, செடியைப் பிடுங்காதீர்கள். மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வேரைத் தண்ணீரில் அலசுங்கள். விதை ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றிச் செம்பழுப்புக் கீற்றுகள் தெரிந்து, ஆணிவேர் கறுத்துக்கொண்டு வந்தால் அது ஃப்யூசேரியம் சொலானி என்ற பூஞ்சாணத்தால் வரும் வேர் அழுகல். இனி தண்டின் அடிப்பகுதியைப் பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். வேர் வெளியே ஓரளவு நன்றாக இருந்து, உள்ளே நீர் ஏறும் குழாய் மட்டும் செங்கல் நிறத்திலோ பழுப்பாகவோ கோடிட்டிருந்தால் ஃப்யூசேரியம் ஆக்ஸிஸ்போரம் தரும் வாடல் நோய். இதில் இலைகள் அடியிலிருந்து மேல்நோக்கி மஞ்சளாகும். ஓரங்கள் கீழ்நோக்கிச் சுருளும். இந்த மஞ்சளைப் பார்த்து யூரியா போடுவதும் வீண் செலவுதான்.

இலையில் மருந்து தெளித்தும் பயனில்லை. முளைக்கும் விதையிலிருந்து கசியும் சர்க்கரைதான் மண்ணில் உறங்கும் அழுகல் பூஞ்சாணத்தின் நுண்வித்துகளை எழுப்புகிறது. உங்கள் கண்ணுக்கு மஞ்சள் தெரியும் முன்பே தொற்று வேரில் நிலைத்துவிட்டது. எனவே காப்பாற்ற வேண்டிய நேரம் விதைப்புதான். கிலோ விதைக்கு, நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம், அல்லது பூஞ்சாணக்கொல்லி மருந்தான கார்பென்டசிம் 2 கிராம் கலந்து விதையுங்கள். 'அல்லது' என்பதைக் கவனியுங்கள். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலப்பவர்களைப் பார்த்து அலுத்துவிட்டேன். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சாணம்தான், கார்பென்டசிம் அதையும் ஒடுக்கிவிடும். இன்னொன்று: தண்ணீர் தேங்கும் காட்டில் பித்தியம் என்ற கிருமியால் வரும் அழுகலுக்குக் கார்பென்டசிம் கேட்காது. அங்கே வடிகால்தான் மருந்து. மண்ணை மேடாக அணைத்துப் பாரை உயர்த்தி, அதன் மேல் விதையுங்கள். ஈரம் காயாத மண்ணில் உழுது அதை இறுக்கிவிடாதீர்கள். இறுகிய மண்ணில் அழுகல் வேகமாகப் பரவும்.

பட்டாணிக்குப் பின் மறுபடி பட்டாணி வேண்டவே வேண்டாம். வாடல் பூஞ்சாணத்தின் தடித்த வித்துகள் பயிரே இல்லாமலும் பத்தாண்டுக்கு மேல் மண்ணில் கிடக்கும். நான்கைந்து ஆண்டுகள் அந்தக் காட்டுக்குப் பட்டாணி காட்டாமல் இருந்தால் அழுகலின் வீரியம் குறையும். வாடல் கண்ட காட்டில் அதுவும் போதாது, வாடலைத் தாங்கும் ரகமாகத் தேட வேண்டும். பூம்பாறைப் பக்கம் பூண்டு போடுகிறீர்களே, இந்த இரண்டு பூஞ்சாணங்களிலும் பட்டாணியைத் தாக்கும் வகைகள் பூண்டைத் தொடாது, நல்ல மாற்று. பீன்ஸை மாற்றாக நினைக்காதீர்கள், அழுகல் கிருமிகளில் சில அதையும் பிடிக்கும். ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை மக்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில் ஈரம் காத்து வைத்திருந்து மண்ணில் இடுங்கள்.

வாடிய செடிகளை வரப்பில் குவிக்காமல், வேரோடு எடுத்துக் காட்டுக்கு வெளியே எரித்துவிடுங்கள். அந்தக் காட்டிலிருந்து விதைக்கு எடுத்து வைக்காதீர்கள், அக்கம்பக்கத்தாருக்கும் கொடுக்காதீர்கள். அடுத்த முறை எனக்குப் படம் அனுப்புவதானால் மஞ்சள் இலையை அனுப்பாதீர்கள். அலசிய வேரையும், பிளந்த தண்டையும் வெயில் வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள்.