முன்னால் ஒரு பல் குறைந்தால்

“ஏத்தத்துல வண்டி திணறுது அண்ணே, பின்னாடி பெரிய ஸ்ப்ராக்கெட் போட்டுக் குடுங்க.”

டூயல்-ஸ்போர்ட் வண்டியோடு (தார்ச் சாலையிலும் கரட்டுப் பாதையிலும் ஓடும் பைக்) என் பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் இப்படித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். செயின் ஓடும் பல்சக்கரம்தான் ஸ்ப்ராக்கெட்; இன்ஜின் பக்கம் சின்னது ஒன்று, பின் சக்கரத்தில் பெரியது ஒன்று. நான் உடனே ஸ்பேனரை எடுப்பதில்லை. “எந்த கியர்ல, எவ்வளவு வேகத்துல திணறுது?” என்று கேட்பேன். பாதிப் பேரிடம் அதற்குப் பதில் இருக்காது. அந்தப் பதில் கிடைக்காமல் பல்லை மாற்றினால் ஒரு தொல்லை போய் இன்னொன்று வரும். ஒரு வாரம் வழக்கமான பாதையிலேயே ஓட்டிவிட்டு, எங்கே கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஓட்ட வேண்டியிருக்கிறது, எங்கே இன்னொரு கியர் இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது என்று குறித்து வரச் சொல்லி அனுப்புவேன்.

கணக்கு எளிது. பின் ஸ்ப்ராக்கெட்டின் பல் எண்ணிக்கையை முன் ஸ்ப்ராக்கெட்டின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் கடைசி விகிதம். கவாசாகி கேஎல்ஆர் 650-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் பழைய மாடல்கள் கம்பெனியிலிருந்து 15/43 (முன்னால் 15 பல், பின்னால் 43) என்று வந்தன, விகிதம் 2.87. முன்னால் 14 போட்டால் 3.07. பின்னால் 46 போட்டாலும் அதே 3.07தான். முன்னால் ஒரு பல் குறைப்பது, பின்னால் மூன்று பல் கூட்டுவதற்குச் சமம். விலை குறைவு, வேலையும் சுலபம் என்று எல்லோரும் முன் ஸ்ப்ராக்கெட்டில் கை வைப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த ஒரு பல்லால் இழுவை சுமார் 7 சதவீதம் கூடுகிறது. முதல் கியரில், ஒரே ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) மணிக்கு 15 கி.மீ. போன வண்டி இப்போது 14-ல் போகும். எண்ணாகப் பார்த்தால் அற்பம். ஆனால் கல்லும் மணலும் நிறைந்த பாதையில் கிளட்சை நழுவவிடாமல் ஊர்ந்து போக முடிவதற்கும் முடியாமல் போவதற்கும் நடுவில் இருப்பது பல நேரம் அந்த ஒரு கிலோமீட்டர்தான். சரியான இடத்தில் செய்தால் இந்த மாற்றம் கிளட்ச் பிளேட்டைக் காப்பாற்றும். கருகிய பிளேட்டோடு வருகிற வண்டிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

ஆனால் 7 சதவீதம் எல்லா கியரிலும் மாறுகிறது. நீண்ட சாலையில் 100 கி.மீ. வேகத்தில் 4,500 சுற்றில் ஓடிய இன்ஜின் இனி 4,820-ல் ஓடும். முன்னால் 13 போட்டால் 5,190. சத்தம், அதிர்வு, பெட்ரோல் செலவு மூன்றும் அதோடு ஏறும். முதல் கியர் வேகமாக இருக்கிறது, கடைசி கியரில் இன்ஜின் அலறுகிறது என்று இரண்டு குறையும் ஒரே வண்டியில் இருந்தால் ஸ்ப்ராக்கெட்டால் ஒன்றைத்தான் தீர்க்க முடியும். கியர்களுக்கு இடையே உள்ள இடைவெளி கியர்பாக்ஸுக்குள் இருக்கிறது. அதை வெளியிலிருந்து தொட முடியாது. இதனால் குதிரைத்திறனும் கூடுவதில்லை. “பவர் ஏறிடுச்சு” என்று சொல்வது கைக்குத் தெரியும் இழுவையை வைத்துத்தான்.

அதிகம் எச்சரிக்க வேண்டியது முன் ஸ்ப்ராக்கெட்டை ரொம்பச் சின்னதாக்குவதைப் பற்றி. செயின் ஒரு பல்சக்கரத்தைச் சுற்றும்போது வட்டமாகச் சுற்றுவதில்லை, பல கோணமாக மடங்கி மடங்கிச் சுற்றுகிறது. பல் குறையக் குறைய ஒவ்வொரு மடிப்பும் கூர்மையாகும். 15 பல்லில் ஒவ்வொரு பல்லுக்கும் செயினின் வேகம் சுமார் 2.2 சதவீதம் ஏறி இறங்கும். 12 பல்லில் அது 3.4 சதவீதம். இன்ஜின் அதே முறுக்கு விசையைக் கொடுக்கும்போது, 15-லிருந்து 13-க்கு வந்தால் செயினில் விழும் இழுப்பும் சுமார் 15 சதவீதம் கூடுகிறது. செயின் சீக்கிரம் நீள்வதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இன்னொன்று உண்டு, அது கண்ணில் படாது. முன் ஸ்ப்ராக்கெட் சிறிதானால் செயினின் மேல் பக்கம் கீழிறங்கி, ஸ்விங்ஆர்மின் (பின் சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் கை) மேல் இருக்கும் ரப்பர் ஸ்லைடரை உரசும். தானே 13 பல் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் பை கட்டி, மாதக்கணக்கில் ஓட்டிய ஒருவர் செயின் சத்தம் என்று வந்தார். கழற்றிப் பார்த்தால் ஸ்லைடர் அறுந்து, அலுமினிய ஸ்விங்ஆர்மில் செயின் வாய்க்கால் வெட்டியிருந்தது. அதை வெல்டிங் வைத்துக் கொடுக்கச் சொன்னார், நான் மறுத்தேன். பாரம் தாங்கும் பாகம் அது. ஒரு பல் குறைத்தால்கூட ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை ஸ்லைடரைக் குனிந்து பாருங்கள்.

எனவே என் வழக்கம் இது: சோதித்துப் பார்க்க முன்னால் ஒரு பல் குறைப்பேன். அந்த விகிதம் பிடித்துப்போனால், செயின் தேய்ந்து மாற்றும் நாளில் முன்னால் பழைய அளவுக்கே திரும்பி, பின்னால் பெரியதைப் போடுவேன். இரண்டு பல்லுக்கு மேல் முன்னால் குறைக்க நான் சம்மதிப்பதில்லை.

பின்னால் கூட்டும்போது செயின் நீளத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். 520, 525 அளவு செயின்களில் ஒரு லிங்க் 15.875 மி.மீ. ஒரு பல் மாறினால் பின் ஆக்சில் ஏறக்குறைய 4 மி.மீ. நகரும். மூன்று பல் கூட்டினால் சக்கரம் 12 மி.மீ. முன்னால் வர வேண்டும். அட்ஜஸ்டரில் அவ்வளவு இடம் இருக்கிறதா, டயர் எங்கேயாவது உரசுமா என்று பார்க்காமல் பாகம் வாங்காதீர்கள். நான்கு பல் கூட்டினால் இரண்டு லிங்க் நீளமான செயின்தான் சரி. இருக்கிற செயினையே இழுத்து மாட்டி, தளர்வே இல்லாமல் ஓட்டுவது மிக ஆபத்தானது. முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் போல்ட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் நொடியில்தான் செயின் அதிகம் இறுகும். டூயல்-ஸ்போர்ட் வண்டியில் சஸ்பென்ஷன் நீளமாக அமுங்குவதால் அந்த நொடி ஒவ்வொரு பெரிய பள்ளத்திலும் வரும். அப்போது தளர்வு இல்லையென்றால் முன் ஸ்ப்ராக்கெட்டைத் தாங்கும் கியர்பாக்ஸ் அவுட்புட் பேரிங்தான் அடி வாங்கும். மேனுவலில் உள்ள தளர்வு அளவை, அது சொல்கிற நிலையில் வண்டியை நிறுத்தியே அளந்து வையுங்கள்.

தேய்ந்த செயினில் புது ஸ்ப்ராக்கெட் போடவே கூடாது. செயினை இழுத்துப் பிடித்து 21 பின்களுக்கு இடையே, அதாவது 20 லிங்க் நீளத்தை அளந்தால், புதியதில் 317.5 மி.மீ. இருக்கும். எத்தனை மி.மீ. வரை போகலாம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். சுசுகி மேனுவல்கள் பலவற்றில் 319.4 என்று இருக்கும். இரண்டே மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஸ்பீடாமீட்டரையும் மறந்துவிடாதீர்கள். சென்சார் சக்கரத்தில் இருந்தால் ஒன்றும் மாறாது. கியர்பாக்ஸ் அவுட்புட் பக்கம் இருந்தால், 15-ஐ 14 ஆக்கியதும் காட்டும் வேகம் 7 சதவீதம் கூடும். ஓடிய கிலோமீட்டரும் கூடுதலாகவே ஏறும். சர்வீஸ் கணக்கும் மைலேஜ் கணக்கும் பொய்யாகும். முன்னால் பல்லைக் கூட்டியவர்களுக்கு இது தலைகீழ்: உண்மையில் போகும் வேகத்தைவிட மீட்டர் குறைத்துக் காட்டும். அது மோசம்.

இனி மாட்டும் வேலை. முன் ஸ்ப்ராக்கெட்டுக்குச் சில வண்டிகளில் நடுவில் ஒரே பெரிய நட், சிலவற்றில் தகடும் இரண்டு சிறு போல்ட்டும், சிலவற்றில் சர்க்ளிப் (ஷாஃப்டின் பள்ளத்தில் உட்காரும் வளையம்). பெரிய நட் உள்ள வண்டியில் பெரும்பாலும் அதன் கீழே மடிக்கும் வாஷர் இருக்கும். மடிக்காமல் விட்ட ஒரு வண்டி என்னிடம் வந்தது. நட் தளர்ந்து, ஸ்ப்ராக்கெட் ஆடி ஆடி ஷாஃப்டின் வரிப்பற்களைத் தின்றிருந்தது. அந்த ஷாஃப்டை மாற்ற இன்ஜினையே பிளக்க வேண்டியிருந்தது; ஒரு சிறு வாஷரை மடிக்காததற்கு அவர் கொடுத்த விலை அது. ஸ்ப்ராக்கெட்டின் ஒரு பக்கம் புடைப்பு இருந்தால் பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கழற்றும் முன்பே படம் எடுத்து வையுங்கள். திருப்பி மாட்டினால் செயின் கோணலாக ஓடும். செயினின் இணைப்பு லிங்க் கிளிப் வகை என்றால் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

மாட்டியதும் நேராக மலைப்பாதைக்குக் கிளம்பிவிடாதீர்கள். முதல் கியரில் இன்ஜின் பிரேக்கிங், அதாவது திராட்டிலை விட்டதும் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுப்பது, கூடியிருக்கும். ஈரமான இறக்கத்தில் திராட்டிலை முழுசாக விட்டால் பின் சக்கரம் முன்பைவிட எளிதில் வழுக்கும். கைக்குப் பழகும் வரை தெரிந்த பாதையில் ஓட்டுங்கள். 100 கி.மீ. ஆனதும் முன் ஸ்ப்ராக்கெட் கவரைக் கழற்றி நட், வாஷர் மடிப்பு, செயின் தளர்வு மூன்றையும் மறுபடி பாருங்கள். என்னிடம் மாற்றிப் போகிறவர்களை இதற்காகவே திரும்ப வரச் சொல்வேன். பத்து நிமிடம்கூட ஆகாது.