வட்டணி: ‘ரெய்ட்’ என்ற சொல்லின் கதை

கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவைத்து, இரண்டாவது வன்தட்டுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன். படலையைத் திறந்துகொண்டு வந்த பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர், “என்ன தம்பி, பெட்டியைப் பிரித்து வைத்திருக்கிறீர்?” என்றார். “ரெய்ட் போடுகிறேன் சேர்” என்றேன். “அதை இந்த ஒழுங்கையில் உரத்துச் சொல்லாதேயும்” என்றார், பாதிச் சிரிப்போடு. மட்டக்களப்பின் களுவாஞ்சிகுடியில் போர் நடந்த எண்பதுகளையும் தொண்ணூறுகளையும் கடந்து வந்தவர் அவர். ரெய்ட், ரவுண்டப், சுற்றிவளைப்பு எல்லாம் அவருக்கு ஒரே விடியற்காலையின் பெயர்கள்.

ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லுக்குத் திடீர்ப் பாய்ச்சல், சூறை என்றுதான் பொருள். அதன் வேர் பழைய ஆங்கிலத்தில் குதிரைச் சவாரியைக் குறித்த ஒரு சொல். தெற்கே அது ‘றோட்’ ஆகி வீதிக்குப் பெயராயிற்று. வடக்கே ஸ்கொட்லாந்தில் ‘ரெய்ட்’ ஆகி, குதிரையேறிப் போய்க் கொள்ளையடிப்பதைக் குறித்தது. வீதியும் சுற்றிவளைப்பும் அந்த மொழியில் உடன்பிறப்புகள்.

பல வன்தட்டுகளை ஒன்றாகப் பூட்டி ஒரே வட்டுப்போலப் புழங்கும் முறைதான் கணினிக்குள் இருக்கும் ரெய்ட். அதற்கு இந்தக் குடும்பத்தோடு உறவில்லை. அது முதலெழுத்துகளைக் கோத்த பெயர்: ‘ரிடண்டன்ட் அரே ஒவ் இனெக்ஸ்பென்சிவ் டிஸ்க்ஸ்’. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், ரண்டி கற்ஸ் ஆகிய மூவரும் எழுதி 1988இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் பரவிய பெயர் அது. அன்று பெரிய நிறுவனங்கள் வைத்திருந்த ஐபிஎம் 3380 வட்டு 7500 மெகாபைட் கொண்டது. மேசைக் கணினிக்கு வந்த சிறு வட்டு 100 மெகாபைட். ஆனையைக் கட்டித் தீனி போடுவதற்குப் பதிலாகச் சின்ன வட்டுகள் பலவற்றை ஒன்றாகப் பூட்டினால் வேகமும் கிடைக்கும், காசும் மிஞ்சும் என்றார்கள். அதிலே ஒரு வில்லங்கமும் இருந்தது. அவர்கள் கணக்கின்படி ஒரு சிறு வட்டு சராசரியாக 30,000 மணிநேரம் உழைக்கும். நூறு வட்டுகளைச் சேர்த்தாலோ, சராசரியாக 300 மணிநேரத்தில் அவற்றில் ஏதோ ஒன்று படுத்துவிடும். இரண்டு கிழமைகூட இல்லை. ஒன்று போனாலும் தாங்கும்படி மேலதிகமாக வைப்பதைச் சொல்லும் ‘ரிடண்டன்ட்’ என்ற முதற்சொல் அதனால்தான் வந்தது.

அந்த முதற்சொல்லில்தான் தமிழாக்குபவர் இடறுகிறார். ‘உண்டா’ என்றால் லத்தீனில் அலை. அலை மேலெழுந்து திரும்பி வழிவதே ‘ரிடண்டன்ட்’ என்பதன் மூலப்பொருள். மாரியில் வாவி நிரம்பி வயலுக்குள் ஏறும்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுகிறார்களே, அந்தத் தண்ணீர்தான் சரியான படம். அகராதிகள் இதற்கு ‘மிகை’ என்கின்றன. தவறில்லை. ஆனால் தமிழிலக்கணம் படித்த காதுக்கு மிகை என்றால் குற்றம். நன்னூல் எண்ணும் பத்துக் குற்றங்களில் ‘மிகைபடக் கூறல்’ ஒன்று, ‘கூறியது கூறல்’ இன்னொன்று. பொறியியலாளர் குற்றப் பட்டியலில் இருந்த இரண்டையும் எடுத்துக் குணமாக்கிவிட்டார்.

கூத்துக்காரருக்கு இது புதிதல்ல. கூத்தாடும் களரியில் கூத்தர் ஒரு தரு, அதாவது பாட்டு, பாடினால் கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதையே திருப்பிப் பாடுகிறார்கள். விடியும்வரை ஆடிக் களைத்தவருக்கு ஒரு வரி தவறினாலும் பிற்பாட்டு அதைத் தாங்கிக்கொண்டு போகும். பாயில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ரெய்டில் ஒன்று என்ற எண் பெற்ற வகை இதே பிற்பாட்டுத்தான். ஒரு வட்டில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். 4 டெராபைட் வட்டுகள் இரண்டைப் பூட்டினாலும் புழங்குவதற்கு 4 டெராபைட்தான் மிஞ்சும். ஆங்கிலத்தில் இதைக் கண்ணாடி என்கிறார்கள். எனக்குப் பிற்பாட்டு பிடித்திருக்கிறது. கண்ணாடி, முன்னால் நிற்பவர் போனால் தானும் வெறுமையாகிவிடும்.

அடுத்த சொல் ‘அரே’. இங்கே தமிழுக்கு அதிர்ஷ்டம். பழைய பிரெஞ்சிலிருந்து வந்த அந்தச் சொல் போருக்கு நிரைத்த படையையும் குறிக்கும், பகட்டான உடையலங்காரத்தையும் குறிக்கும். நமது ‘அணி’ படையணியுமாகும், பூணும் நகையுமாகும். இரண்டு மொழிகளும் தனித்தனியே நடந்து ஒரே சந்தியில் வந்து நிற்கின்றன. இதற்கு மேலே வேறு சொல் தேடுவது வீண்வேலை. தமிழ்நாட்டில் கணக்குப் படித்தவர்கள் ‘அணி’ என்றதும் ‘மற்றிக்ஸ்’ என்ற எண்கட்டத்தை நினைப்பார்கள் என்பது உண்மைதான். நாங்கள் அந்தக் கணக்கைத் ‘தாயம்’ என்று படித்தவர்கள், எங்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை.

‘இனெக்ஸ்பென்சிவ்’ என்பது மலிவு. விற்பனைக்கு வந்தபின் மலிவு என்று சொல்லிக்கொள்ள எந்த வியாபாரிக்கு மனம் வரும்? பெயரில் அந்த எழுத்து அப்படியே இருக்க, அதன் விரிவு மட்டும் ‘இண்டிபெண்டன்ட்’, அதாவது ‘தனித்தனியான’ என்று மாறிவிட்டது. பிறந்த இடத்திலேயே மாறிய சொல்லை நாம் சுமக்க வேண்டியதில்லை.

மீதி ‘டிஸ்க்’. கடையில் ஹார்ட் டிஸ்க் என்று கேட்பதை எழுதும்போது வன்தட்டு என்கிறோம். ஆனால் ‘தட்டணி’ என்றால் யாரோ யாரையோ அடிக்கப் போவதுபோல் ஒலிக்கிறது. வட்டு நல்லது. மின்சில்லுகளில் தரவு வைக்கும் எஸ்.எஸ்.டி.க்குள் சுழலும் வட்டு ஏது என்று கேட்பவர் உண்டு. அதையும் வட்டு என்று சொல்லி எல்லோரும் பழகிவிட்டோம்.

சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘தனித்தனி வட்டுகளின் மிகை அணி’ என்று வரும். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவர் பிறந்த கரையில் இருந்துகொண்டு ஒரு கலைச்சொல்லை இத்தனை நீளத்தில் எழுதக் கை கூசுகிறது. வட்டு, அணி, சேர்த்தால் வட்டணி. மிகையை நான் வேண்டுமென்றே விட்டேன். சுழியம் என்ற எண் பெற்ற வகையில் மிகை என்று எதுவும் கிடையாது. மருதமுனைச் சாரத்தில் நிறம் மாறி மாறி ஓடுவதுபோல், கோப்பைத் துண்டாக்கி ஒன்றை இந்த வட்டிலும் அடுத்ததை அந்த வட்டிலும் பட்டை பட்டையாக எழுதுவது மட்டுமே அது. வேகம் கூடும். ஒரு வட்டுப் போனால் எல்லாம் போகும். ஆங்கிலப் பெயர் அந்த வகைக்குப் பொய்யாகிறது, வட்டணி பொய்யாகாது.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் அவற்றை ‘லெவல்’ என்கிறார்கள். நாங்கள் உடனே ‘மட்டம்’ என்று எழுதிவிடுவோம்; மட்டமான களப்பு என்பதால்தான் மட்டக்களப்புக்கே அந்தப் பெயர் என்று சொல்வோரும் உண்டு. ஆனால் மட்டம் என்றால் ஐந்து ஒன்றைவிட உயர்ந்தது என்ற எண்ணம் வரும். அப்படி ஓர் ஏற்றத்தாழ்வு இல்லை. ‘வகை’ என்று எழுதினால் வம்பில்லை.

ஐந்தாம் வகையில்தான் சொல் விளையாட்டு உச்சத்துக்குப் போகிறது. அங்கே ‘பரிட்டி’ என்று ஒன்று உண்டு. சில சொற்பட்டியல்கள் ‘சமநிலை’ என்கின்றன. லத்தீன் வேரைப் பார்த்தால் சரி, காரியத்தைப் பார்த்தால் பிழை. புளியங்கொட்டையைக் கைக்குள் பொத்தி “ஒற்றையா, இரட்டையா?” என்று கேட்டு விளையாடியிருப்பீர்கள், அதேதான் இது. மூன்று வட்டுகள் என்று வைப்போம். முதலாவதில் 1, இரண்டாவதில் 0. இருக்கும் ஒன்றுகளின் தொகை ஒற்றை. அதை இரட்டையாக்க மூன்றாவதில் 1 எழுதப்படும். இப்போது முதல் வட்டைக் கழற்றி எறியுங்கள். எஞ்சியது 0, 1. மொத்தம் இரட்டையாக வேண்டுமென்றால் காணாமற்போனது 1 ஆகத்தான் இருக்க வேண்டும். கண்டுபிடித்தாயிற்று. இப்படி 4 டெராபைட் வட்டுகள் மூன்றில் 8 டெராபைட் புழங்கக் கிடைக்கும், ஒரு வட்டு இறந்தாலும் தரவு சாகாது. ‘ஒற்றையிரட்டைக் குறி’ என்று எழுதினால் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

அமைப்பது பெரிய வித்தையில்லை. தாய்ப்பலகையின் தொடக்கத் திரையிலும் செய்யலாம், லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் கட்டளை எழுதியும் செய்யலாம். நான் லினக்ஸ் பக்கம். பலகை எரிந்தாலும் வட்டுகளை வேறொரு லினக்ஸ் கணினியில் பூட்டித் திறந்துகொள்ளலாம். புது வட்டணிக்குள் கோப்பு வைக்குமுன் ஒன்றின் கம்பியைப் பிடுங்கிப் பார்த்தேன். இரண்டு வட்டும் உயிரோடு இருந்தபோது நிலைத்திரை ‘யூ’ என்ற ஆங்கில எழுத்தை இரண்டு தரம் காட்டியது. பிடுங்கியதும் ஒரு ‘யூ’ மறைந்து அந்த இடத்தில் ஓர் அடிக்கோடு வந்து படுத்தது. ஒத்திகைக்காகப் போட்டிருந்த பாட்டு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு நான் செய்த மடைத்தனத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஒரு சொல்லைப் பற்றியது. வட்டணியைச் சிலர் ‘தரவுக் காப்பு’ என்று எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். கோயில் சடங்குக் காலத்தில் எடுத்த வடமோடிக் கூத்தின் ஒளிப்பதிவை, பழைய கோப்பு என்று எண்ணி ஓரிரவில் அழித்துவிட்டேன். வட்டணி தன் கடமையில் வழுவவில்லை, இரண்டு வட்டிலும் ஒரே கணத்தில் அழித்தது. பிற்பாட்டுக்காரர் கூத்தர் பாடியதைப் பாடுவார். அவர் பிழையாகப் பாடினால் பிழையையும் பாடுவார். வட்டுச் செத்தால் வேலை நின்றுபோகாமல் காப்பது மட்டுமே வட்டணி. அழிப்பு, தீ, மின்னல், வெள்ளம் ஆகியவற்றுக்கு வேறு இடத்தில் வைக்கும் தனிப் பிரதி வேண்டும். ‘காப்பு’ என்ற சொல்லை அந்தப் பிரதிக்கே ஒதுக்கிவைக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்ததற்கு நான் ஒரு கூத்தை விலையாகக் கொடுத்தேன்.

என் காப்பு வட்டு இப்போது படுவான்கரையில், மண்டூரில் அக்கா வீட்டு அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே இருக்கிறது. மாதம் ஒருமுறை குருமண்வெளித் துறையில் நின்று வாவியைக் கடந்து போய்ப் புதுப்பித்து வருகிறேன். மோட்டார் சைக்கிளையும் மனிதரையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் அந்தப் படகுக்கு எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்று பெயர். சென்ற முறை துறையில் சந்தித்த ஆசிரியர் என் தோள்பையைப் பார்த்து, “ரெய்டா தம்பி?” என்றார். “இல்லை சேர், இது காப்பு” என்றேன்.