விளக்கு கடல் சாமந்திக்கா, அதற்குள் இருக்கும் பாசிக்கா?

1828-இல் ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் கடற்கரையில் சர் ஜான் டால்யெல் என்ற இயற்கை ஆய்வாளர் ஒரு கடல் சாமந்தியை (பூவைப் போலத் தெரியும் கடல் விலங்கு) எடுத்துவந்து கண்ணாடிக் குடுவையில் வளர்க்கத் தொடங்கினார். அவர் காலமான பிறகும் அது கைமாறிக் கைமாறி வாழ்ந்தது. 'கிரானி', அதாவது பாட்டி, என்று பெயரும் பெற்றது. 1887-இல்தான் இறந்தது. ஏறக்குறைய 60 ஆண்டுக் காலம் புதுக் கடல்நீரும் அவ்வப்போது கொஞ்சம் தீனியுமே அதற்குப் போதுமானதாக இருந்தது.

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் இன்று விரும்பி வாங்கும் குமிழ்முனைச் சாமந்தியை அதேபோல் ஒரு குடுவையில் போட்டு அறையின் மூலையில் வைத்தால், நாளடைவில் வெளுத்து, சுருங்கி, இறந்துவிடும். இத்தனைக்கும் இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த விலங்குகள். வேறுபாடு செல்களுக்குள் இருக்கிறது. வெப்பமண்டலப் பவளப்பாறைகளில் வாழும் பெரிய சாமந்திகளின் குடற்சுவர்ச் செல்களுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. வளர்ப்பவர்கள் இவற்றை 'சூசாந்தெல்லே' என்பார்கள். இவை வெளிச்சத்தில் சர்க்கரை தயாரித்து, அதில் பெரும்பங்கைச் சாமந்திக்குக் கொடுக்கின்றன. சாமந்தியின் கழிவிலிருந்து நைட்ரஜனை எடுத்துக்கொள்கின்றன. கோமாளி மீன் கூடவே இருந்தால் அது வெளியேற்றும் அம்மோனியாவும் பாசிக்கு உரமாகும். கிரானியின் இனத்தில் இந்தப் பாசி கிடையாது.

ஆக, விளக்கு வாங்குவது சாமந்திக்காக அல்ல, பாசிக்காக. இதை மனதில் வைத்துக்கொண்டால் விளக்குப் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களில் பாதியைத் தாராளமாக ஒதுக்கிவிடலாம்.

வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் ஆந்தோப்ளூரா என்ற சாமந்தி இதற்கு நல்ல சாட்சி. வெயில் படும் பாறைகளில் இருப்பவை பாசியோடு பச்சையாக இருக்கும்; குகைகளிலும் பாலத்தடி இருட்டிலும் இருப்பவை பாசியின்றி வெளிறிக் கிடக்கும். ஆய்வகத்தில் ஒருபக்கம் மட்டும் வெளிச்சம் காட்டிச் சோதித்தபோது, பாசி உள்ளவை வெளிச்சத்தைப் பொறுத்து இடம் மாறின. பாசி இல்லாதவை வெளிச்சத்தைப் பொருட்படுத்தவே இல்லை. கண்ணும் மூளையும் இல்லாத ஒரு விலங்கை, அதன் செல்லுக்குள் இருக்கும் பாசி நடக்க வைக்கிறது!

இந்தப் பாசிக்கு எந்த நிற ஒளி வேண்டும்? கடல்நீர் சிவப்பை முதல் சில மீட்டர்களிலேயே பெரும்பாலும் விழுங்கிவிடும். ஆழத்துக்குப் போவது நீலமும் நீலப்பச்சையும்தான். அங்கே வாழப் பழகிய பாசியிடம் பச்சையம் 'ஏ'-யும் 'சி'-யும் இருப்பதோடு, பெரிடினின் என்ற நிறமியும் இருக்கிறது. பச்சையம் அதிகம் பிடிக்காத 470 முதல் 550 நானோமீட்டர் வரையிலான ஒளியைப் பிடித்துப் பச்சையத்திடம் ஒப்படைப்பது அதன் வேலை. நிலத்துச் செடிகளிடம் இது கிடையாது. எனவே நீலம் ஓங்கிய விளக்கு வெறும் அழகுக்கானது என்று நினைக்க வேண்டாம். பாசி அதைத்தான் நன்றாக உண்கிறது. செடித் தொட்டிக்கென்று விற்கும் இளஞ்சிவப்பு விளக்கு இங்கே பொருந்தாததற்கும் இதுவே காரணம்.

அடுத்தது அளவு. பெரும்பாலானோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். லூமென், லக்ஸ் என்ற இரண்டு அளவுகளும் மனிதக் கண்ணுக்காக உருவாக்கப்பட்டவை. நம் கண் 555 நானோமீட்டர் பச்சை ஒளியில் மிகக் கூர்மையாக இருக்கும். அந்த ஒளியில் 1 வாட் என்றால் 683 லூமென். அதே 1 வாட்டை 450 நானோமீட்டர் நீல ஒளியாகக் கொடுத்தால் கிடைப்பது 26 லூமென் மட்டுமே. ஆனால் பாசி வெளிச்சத்தை ஃபோட்டான் கணக்கில்தான் உண்கிறது. 1 வாட் பச்சை ஒளியில் நொடிக்குச் சுமார் 4.6 மைக்ரோமோல் ஃபோட்டான்கள். நீலத்தில் சுமார் 3.8. லூமெனில் 26 மடங்கு வித்தியாசம் காட்டிய இரண்டு ஒளிகள் ஃபோட்டான் எண்ணிக்கையில் கிட்டத்தட்ட பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டன. "விளக்கு மங்கலாகத் தெரிகிறதே" என்று நீல விளக்கைக் கூட்டிக்கொண்டே போய்ச் சாமந்தியைப் பொசுக்கிவிடுவது இந்தக் கண்மயக்கத்தால்தான்.

ஃபோட்டான்களை எண்ணும் அளவுக்குப் 'பார்' (PAR) என்று பெயர். 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்று இது சொல்லும். உச்சிவெயிலில் கடல் மேற்பரப்பில் இது 2000-ஐ ஒட்டி இருக்கும். தொட்டியில் அவ்வளவு தேவையில்லை. குமிழ்முனைச் சாமந்திக்கு 150 முதல் 250 வரை கிடைத்தால் நலமாக இருப்பதை வளர்ப்பவர்கள் பரவலாகக் கண்டிருக்கிறார்கள். கம்பளச் சாமந்திகளும் ஆழமற்ற பாறை உச்சிகளில் வாழும் மேக்னிஃபிகா சாமந்தியும் இதைவிட அதிகம் கேட்பவை. 300-க்கு மேலே கொடுப்பதுதான் வழக்கம். கோமாளி மீனுக்கு வீடாகும் சாமந்தி இனங்கள் பத்து என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள். பத்தும் பாசி கொண்டவை, பத்துக்கும் விளக்கு வேண்டும்.

பார் மீட்டர் விலை கூடுதல். இரவலோ வாடகையோ கிடைத்தால் ஒருநாள் போதும். ஆனால் மீட்டர் வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: பழைய வகை உணரிகள் சூரிய ஒளிக்காக அமைக்கப்பட்டவை, எல்இடியின் நீலத்தைக் குறைத்துக் காட்டும். முழு அலைவரிசைக்கான உணரியோ, பழையதற்கு உரிய திருத்தக் கணக்கோ இருக்க வேண்டும். அளக்கும்போது உணரியை நீருக்குள் இறக்கி, சாமந்தி இருக்கும் உயரத்தில் வைத்து அளக்க வேண்டும். நீருக்கு மேலே எடுத்த அளவால் பயனில்லை.

விளக்கு வகையைப் பொறுத்தவரை இன்று அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மெட்டல் ஹாலைடு அருமையாக வளர்க்கும். மின்சாரத்தையும் தாராளமாகத் தின்று, தொட்டி நீரையும் சுடவைக்கும். டி5 என்ற மெல்லிய டியூப்லைட் குழல்கள் நிழல் விழாமல் சீராகப் பரப்பும். ஆனால் நாளாக நாளாக மங்கும் என்பதால் ஓராண்டு வாக்கில் மாற்ற வேண்டும். 2014-இல் அகசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் நோபல் பரிசு வாங்கித் தந்த நீல எல்இடி வந்த பிறகு, கடல்நீர்த் தொட்டி உலகம் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. வெள்ளை எல்இடி என்பதும் உள்ளே நீல எல்இடிதான். மேலே பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் அதை வெள்ளையாக்குகிறது. 10,000 கெல்வின், 20,000 கெல்வின் என்ற எண்கள் நம் கண்ணுக்கு நிறம் எப்படித் தெரியும் என்பதைச் சொல்பவை. பாசிக்கு எவ்வளவு கிடைக்கும் என்று அவை சொல்லாது.

எல்இடியில் உண்மையான சிக்கல் வேறு. சிறிய புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளியை லென்ஸ் குவித்து அனுப்புவதால், நேர்கீழே 400 இருக்கும், ஒரு சாண் தள்ளினால் 120-ஆகிவிடும். என்னைக் கேட்டால் ஏழெட்டு வண்ணச் சேனல்கள் உள்ள ஒற்றை விளக்கைவிட, நீலமும் வெள்ளையும் மட்டும் உள்ள இரண்டு எளிய விளக்குகளைச் சற்று உயரத்தில் தள்ளித் தள்ளிப் பொருத்துவது மேல். ஆனால் ஒளியின் மேடுபள்ளம் முழுவதும் மறைந்துவிடவும் வேண்டாம். தொட்டியின் ஒரு பக்கம் 250, மறுபக்கம் 100 என்று இருந்தால் சாமந்தி தானே நகர்ந்து தனக்குப் பிடித்த இடத்தைத் தேர்ந்துகொள்ளும். பவளத்தை நாம்தான் நகர்த்த வேண்டும். சாமந்திக்கு அடித்தட்டு என்ற காலே உண்டு.

வெளிச்சம் குறைந்தால் என்ன ஆகும் என்பது எளிது. சாமந்தி விளக்கை நோக்கி நீளும், ஏறும். அதுவும் போதாவிட்டால் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து இளைக்கும். தீனி கொடுத்துச் சிறிது காலம் இழுக்கலாம். மிகுந்தால் நடப்பதுதான் சிக்கலானது. ஓர் அளவுக்கு மேல் வரும் ஒளியைப் பாசியால் சர்க்கரையாக்க முடியாது. மிச்ச ஆற்றல், செல்லில் உள்ள ஆக்சிஜனை மற்றவற்றைத் தாக்கும் தன்மை கொண்ட வடிவங்களாக மாற்றிவிடும். அவை ஒளிச்சேர்க்கை இயந்திரத்தின் புரதங்களையே உடைக்கும். உடைவது அன்றாடம் நடப்பதுதான். செல் பழுதுபார்த்துக்கொண்டே இருக்கும். பழுது வேகத்தை உடையும் வேகம் மிஞ்சும்போது பாசி பயனற்றதாக மட்டுமின்றி நச்சாகவும் ஆகிறது. சாமந்தி அதை வெளியே துப்புகிறது. இதைத்தான் வெளுத்தல் என்கிறோம். வெப்பம் ஏறினால் பழுதுபார்க்கும் வேகம் குறையும் என்பதால், 26 டிகிரியில் தாங்கிய அதே வெளிச்சம் 30 டிகிரியில் கெடுதலாகலாம்.

இதனால்தான் வெளுத்த சாமந்தியை வாங்கிவந்து, "பாவம், வெளிச்சம் போதவில்லை" என்று முழு விளக்கில் வைப்பது ஆபத்து. மிச்சமிருக்கும் கொஞ்சப் பாசியும் மங்கிய ஒளிக்குப் பழகியது. அது நிறமியைக் கூட்டி வைத்திருக்கும். 50 பாரில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களில் மெல்ல ஏற்றுங்கள். அதுவரை சிறு துண்டுகளாகத் தீனி கொடுங்கள். பளீர் வெள்ளையாகவோ, இயற்கைக்கு மாறான அடர் மஞ்சளாகவோ விற்கப்படுபவை பெரும்பாலும் வெளுத்தவையும் சாயம் ஏற்றியவையுமே. நலமான சாமந்தியில் ஏதோ ஒரு பழுப்புச் சாயல் தெரியும். அது பாசியின் நிறம்.

நீல விளக்கில் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் ஜொலிப்பது வேறு சங்கதி. அது சாமந்தியின் சொந்தப் புரதங்கள் நீலத்தை வாங்கி வேறு நிறமாகத் திருப்பி விடுவது. குமிழ்முனைச் சாமந்தியிலிருந்து எடுத்த சிவப்பு ஒளிர்புரதங்கள் செல் ஆய்வகங்களில் அடையாளச் சாயமாகப் பயன்படுகின்றன. ஆனால் பாசியை இழந்த சாமந்தியும் அப்படி ஜொலிக்கக்கூடும், அதனால் ஜொலிப்பை வைத்து நலத்தை எடைபோட முடியாது. சோதிக்க வேண்டுமானால் வெள்ளை விளக்கை மட்டும் ஏற்றிப் பாருங்கள்.

நேரக் கணக்கும் முக்கியம். 200 பார் ஒளி 10 மணி நேரம் கொடுத்தால் நாளுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 7.2 மோல் ஃபோட்டான். விளக்கு சற்று மங்கலானதாக இருந்தால் நேரத்தை 12 மணி வரை நீட்டி ஓரளவு ஈடுகட்டலாம். டைமர் கட்டாயம், நாளுக்கு ஒரு நேரத்தில் கையால் போட்டு அணைப்பது சரிவராது.

விளக்கை மாற்றினாலோ, பழைய டி5 குழலுக்குப் பதில் புதியதைப் போட்டாலோ, முதல் வாரத்தில் விளக்கை ஒரு சாண் உயர்த்தியோ சதவீதத்தைக் குறைத்தோ வைத்திருங்கள். ஒளி மாறினால் சாமந்தி புறப்பட்டுவிடும், பெரும்பாலும் ஆளில்லாத இரவு நேரத்தில். அதனால் அந்த வாரம் முழுவதும் அலைப் பம்பின் வாய்க்கும் நீர் உறிஞ்சும் குழாய்க்கும் பஞ்சு உறையோ வலையோ மாட்டிவிடுங்கள். பம்பில் சிக்கிய சாமந்தி தான் மட்டும் சாகாது. சிதறிய சதையும் கொட்டுச் செல்களும் மொத்தத் தொட்டி நீரையும் கெடுத்துவிடும்.