மாத்திரை வரட்டும் என்று போன ஏழு மாதங்கள்

அந்த மகன் போனை என் மேசையில் வைத்து ஒரு வீடியோவை ஓட்டினான். புற்றுநோய்க் கலத்துக்குள் போகிற சிக்னலை ஒரு மாத்திரையால் நிறுத்திவிட்டால் நோய் தானாகச் சுருங்கிவிடுமாம்; கரண்டும் (கதிர்ச் சிகிச்சையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வேண்டாம், சேலைனும் வேண்டாம். "இந்த மாத்திரை வந்ததும் அம்மாவுக்குக் குடுக்கலாம்னு இருந்தோம் டொக்டர்."

அம்மா பக்கத்துக் கதிரையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழு மாதத்துக்கு முன்னும் அதே கதிரையில்தான் இருந்தார். அன்று கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் இரண்டாம் கட்டம். கரண்ட் வைத்து, கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் ஏற்றினால் குணமாக நல்ல வாய்ப்பிருக்கிறது என்று சொல்லிக் கடிதமும் கொடுத்தேன். போகவில்லை. இப்போது கட்டி வளர்ந்து இரண்டு பக்கச் சிறுநீர்க் குழாய்களையும் நெரிக்கிறது. சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறிவிட்டது. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கிற மருந்து, இந்த நிலையில் ஏற்ற முடியாது. முதலில் குழாய் போட்டுச் சிறுநீரை இறக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த வருடம் இப்படி வந்த மூன்றாவது ஆள் இவர். அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் கோபத்தோடு.

சிக்னல் என்பது பொய்யில்லை. காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்துவிடாமல் தோட்டத்தில் யாரும் வேலைக்கு இறங்குவதில்லை. கலமும் அப்படித்தான், பெருகு, நில், செத்துப்போ என்று செய்தி கிடைத்தால்தான் நகரும். கருப்பைக் கழுத்துப் புற்றுக்குக் காரணமான எச்பிவி வைரஸ் இந்த ஒழுங்கைக் குலைக்கிறது. (16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே பத்தில் ஏழு பேரின் நோய்க்குக் காரணம்.) கெட்ட கலத்தை நிறுத்திவைக்கும் பி53 என்ற காவலாளியை அதன் ஈ6 புரதம் ஒழித்துக்கட்டுகிறது. ஆர்பி என்ற பிரேக்கை ஈ7 கழற்றிவிடுகிறது. அப்புறம் கலம் யார் சொல்லையும் கேட்காது.

சரி, அந்தப் பாதையை அடைத்துவிட்டால்? எல்லோரும் கேட்பது இதைத்தான். நுவரெலியாவிலிருந்து கொழும்புக்குப் போகிற ஹட்டன் பாதையில் மண் சரிந்தால் பஸ் நின்றா போகிறது? ரம்பொடை வழியாகப் போய்ச் சேர்கிறது. புற்றுநோய்க் கலத்துக்கும் ஒரு பாதை மட்டும் இல்லை. ஒன்றை மறித்தால் இன்னொன்றில் போகும். நல்ல மருந்து எதுவுமே இல்லை என்று சொல்லவில்லை. கட்டி தனக்கு இரத்தக்குழாய் இழுத்துக்கொள்ள அனுப்பும் செய்தியை மறிக்கிற பெவாசிசுமாப் இருக்கிறது. நோய் முற்றியவர்களுக்குக் கீமோவோடு அதையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. பாதிப்பேர் உயிரோடிருந்த காலம் 13 மாதத்திலிருந்து 17 மாதமாகக் கூடியது. நான்கு மாதம் சின்ன விஷயமில்லை, ஆனால் அது குணமாவதும் இல்லை. நோய் எதிர்ப்புக் கலங்களை அடக்கும் சிக்னலை மறிக்கிற பெம்ப்ரோலிசுமாப் இன்னொன்று. 2024 ஜனவரியில் அமெரிக்காவில் மூன்றாம் கட்டம் முதல் அதற்கு அனுமதி கொடுத்தார்கள். எப்படித் தெரியுமா? கரண்டோடும் கீமோவோடும் சேர்த்து. கரண்டுக்குப் பதிலாக இல்லை. இந்த ஒரு வரியை அந்த வீடியோவில் யாரும் சொல்லவில்லை. தம்பி, இரண்டுமே மாத்திரை இல்லை, ஊசி வழியாக ஏற்றுகிற மருந்து. அதையும் சொல்லவில்லை.

அந்த ஏழு மாதமும் அம்மாவுக்கு ஒரு மஞ்சள் பொடி கொடுத்திருக்கிறார்கள். 'புற்றுநோய் சிக்னலை அணைக்கும்' என்று போத்தலில் அச்சடித்திருக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் கருப்பைக் கழுத்துப் புற்றுக்கலங்களைக் கொன்றது உண்மைதான். தட்டில் பினாயில் ஊற்றினாலும் அவை சாகும். விழுங்கிய குர்குமினில் இரத்தத்துக்குப் போய்ச் சேருவது மிகச் சொற்பம். கறிக்குப் போடுங்கள், நல்லது.

இந்த வைரஸ் உடம்புக்குள் வந்து புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அத்தனை வருடமும் நமக்குக் கிடைத்த அவகாசம். எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தின் வெல் வுமன் கிளினிக்கில், கருப்பைக் கழுத்திலிருந்து கலங்களை வழித்தெடுத்துப் பார்க்கும் பாப் பரிசோதனை இலவசம், ஐந்து நிமிட வேலை. 35 வயதில் ஒருமுறை, 45இல் ஒருமுறை கட்டாயம் போங்கள். தீட்டு நாளில் போக வேண்டாம். 'புள்ள பெத்து முடிச்சாச்சு, லூப்பும் எடுத்தாச்சு, இனி எதுக்கு' என்று என்னிடம் சொல்லாதீர்கள், எனக்கு இரத்தம் கொதிக்கும். வயதாகித் தீட்டு அடியோடு நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும், கணவனோடு சேர்ந்த பிறகு இரத்தம் கண்டாலும், வெள்ளை நாற்றமடித்தாலும் அந்த வாரமே வாருங்கள். சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அப்பாமாரே, தரம் 6இல் பெண் பிள்ளைக்கு எச்பிவி ஊசி போடக் கடிதம் வந்தால் தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள். 2017இலிருந்து பாடசாலையிலேயே போடுகிறார்கள். அந்த ஊசியால் பிள்ளை பிறக்காமல் போகாது.

அன்று அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தவர் மூத்த மகள். 36 வயது, கொழுந்தெடுக்கிறவர். பாப் செய்தீர்களா என்று கேட்டேன். "கிளினிக்குக்கு வந்தா அரைப்பேருதான் போடுவாங்க டொக்டர்." அரை நாள் சம்பளம்தான் என்கிறார். அன்றைய பேர் எப்படியும் போய்விட்டது, ஏறிப் படுங்கள் என்று நானே ஸ்லைட் எடுத்து அனுப்பினேன். ரிப்போர்ட் வந்து மூன்று வாரமாகிறது. இன்னும் வந்து எடுக்கவில்லை. நாளைக்கு லயத்துப் பக்கம் போகிற மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லியிருக்கிறேன்.