ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள்

என்னிடம் மனநல ஆலோசனைக்கு வரும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் யாரும் பணிச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தூக்கமின்மை, தலைவலி, வீட்டில் எல்லோர்மீதும் எரிந்து விழுவது என்றே பேச்சு தொடங்கும். ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றிய ஓர் ஆசிரியை, மூன்றாவது சந்திப்பில்தான் தம்மை உறுத்தியதைச் சொன்னார்: "ஒரு பையன் நாலு நாளா வரலைங்க சார். ஏன்னு விசாரிக்கணும்னுகூட எனக்குத் தோணலை."

களைப்பைவிட இந்த மரத்துப்போதலையே நான் கவலைக்குரியதாகக் கருதுகிறேன். உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் வெளியிட்ட அளவுகோல், உணர்வு வறட்சி, பிறரிடமிருந்து விலகிப்போதல், 'நான் எதையும் சாதிக்கவில்லை' என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் சேர்த்தே பணிச்சோர்வை அளக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற பன்னாட்டு நோய் வகைப்பாடும் இதை நோயாகக் கொள்ளாமல், தீர்க்கப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவாகவே விளக்குகிறது. அப்படியானால் ஆசிரியரை மட்டும் பரிசோதித்துவிட்டுப் பள்ளியை விட்டுவிடுவது பாதி வைத்தியம்தான். (அரைநாள் யோகா வகுப்பு நடத்திக் கடமையை முடித்துக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல விரும்பவில்லை.)

கல்வி உரிமைச் சட்டத்தின்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். நம் ஈராசிரியர் பள்ளிகளில் அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ சென்றால், ஐந்து வகுப்புகளும், மதிய உணவுக் கணக்கும், எமிஸ் எனும் கல்வித் துறை இணையதளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவேற்றுவதும், இதற்கிடையே வாசலில் வந்து நிற்கும் பெற்றோரும் மற்றவர் தலையில் விழுகின்றன. அச்சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர்த்த கல்விசாராப் பணிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் பள்ளி நிர்வாகம் என்ற பெயரிலேயே வந்து சேரும் விவரக்கோரல்களை அது தடுப்பதில்லை.

பள்ளிகளின் நிறுவன நலத்தை, அதாவது ஒரு நிறுவனமாகப் பள்ளி எவ்வளவு ஆரோக்கியமாக இயங்குகிறது என்பதை ஆராய்ந்த அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வேய்ன் ஹோயும் அவருடைய சகாக்களும், வெளியிலிருந்து வரும் நியாயமற்ற நெருக்கடிகளிலிருந்து ஆசிரியர்களைக் காக்கும் திறனை அந்த நலத்தின் ஓர் அடையாளமாகக் கொண்டார்கள். என் அனுபவத்தில் தலைமையாசிரியரின் பங்கு மிகுதியாக வெளிப்படும் இடம் இதுதான். "இன்றே வேண்டும்" என்று வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்தியை அப்படியே உதவி ஆசிரியருக்குத் தள்ளிவிடுபவரும் உண்டு; "மூன்றரைக்கு மேல் அனுப்புகிறேன்" என்று வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் பதில் சொல்பவரும் உண்டு. பின்னவரின் பள்ளியிலும் வேலை குறைவதில்லை, ஆனால் பாட வேளை பாட வேளையாகவே இருக்கிறது.

மே மாத விடுமுறையிலும் மனம் தெளியவில்லை, எதிலும் நாட்டமில்லை, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டுகிறது என்றால், அது பணிச்சோர்வைத் தாண்டிய மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது.

அந்த ஆசிரியை அடுத்த முறை வந்தபோது, பையனுடைய வீட்டுக்குப் போய் வந்ததாகச் சொன்னார். அதற்கு அரைநாள் அவருடைய வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவர் தலைமையாசிரியர்.